நகலும் நகலியும்

"1997 நவம்பர் 9, ஞாயிறு. மழை இல்லை. மாலை அவள் வந்தாள். கேட்டது: செல் தன்னைப் பார்த்துத் தானே எழுதும்போது தப்பு விட்டால் அதற்கு யார் பொறுப்பு? பதில் சொல்லவில்லை."

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை நினைவிலிருந்து எழுதுகிறேன். நினைவு என்பதால் இதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அவள் என் மனைவியின் அண்ணன் மகள். ராமாபுரத்துக்காரி. பி.எஸ்சி. முடித்துவிட்டு 1996 தசராவுக்கு அடுத்த வாரம் மைசூருக்கு வந்து, நஞ்சன்கூடு சாலையில் இருந்த ஒரு தனியார் திசு வளர்ப்புக் கூடத்தில் சேர்ந்தாள். வாழைக் கன்றுகளைக் கண்ணாடி பாட்டிலுக்குள் பெருக்கி விவசாயிகளுக்கு விற்கும் இடம் அது. நல்ல தாய் மரம் ஒன்றின் பக்கக் கன்றிலிருந்து குருத்தின் நுனியை எடுத்து, சத்துக் கூழ் ஊற்றிய பாட்டிலில் வைப்பார்கள். அது பல முளைகளாகப் பெருகும். அவற்றைப் பிரித்து வெட்டிப் புதிய பாட்டில்களில் வைப்பார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் வெட்டுவார்கள். இப்படி ஒரு குருத்திலிருந்து ஒரு தோப்புக்கு வேண்டிய கன்றுகள் கிடைத்துவிடும். அவள் வேலை வெட்டுவது. சுத்தமான காற்று வீசும் மேஜைக்கு முன்னால், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சுட்டுச் சுட்டு வெட்டுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது கைவிரல்கள் ஊறி வெளுத்திருந்தன. என்னவென்று என் மனைவி கேட்டாள். ஒரு வாரமாகத் தன்னை மேஜையிலிருந்து எழுப்பிப் பாட்டில் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

காரணம் இதுதான். அந்தக் கூடத்திலிருந்து கன்றுகள் வாங்கி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கால்வாய் ஓரத்து நிலத்தில் ஜூன் மாதம் நட்டிருந்தார் ஒரு விவசாயி. உயரமான பச்சை வாழை ரகம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். ஐந்து மாதத்தில் மற்ற மரங்கள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. ஒரு பகுதியில் மட்டும் சில மரங்கள் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டன. இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, குடையை முக்கால்வாசி மடக்கியது போல இருந்தன. வேறு ரகத்தைக் கலந்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று அவர் கூடத்து வாசலில் வந்து சத்தம் போட்டார். அதோடு விடவில்லை. கன்று எடுக்க வந்த அன்று, இவையெல்லாம் போலி என்று இந்தப் பெண்ணே தன்னிடம் சொன்னாள் என்று அவளைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கூடத்தின் உரிமையாளர் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார். பாட்டிலை மாற்றி வைத்தாயா? வாடிக்கையாளரிடம் போலி என்று சொன்னாயா? இரண்டுக்கும் அவள் இல்லை என்றாள். அடுத்த ஞாயிறு தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். தப்பு அவள் கையில் என்று முடிவானால் வேலை போகும். அது மட்டும் என்றால் வேறு வேலை தேடலாம். ஆனால் அந்த நாளில் மைசூரிலும் பெங்களூரிலும் அப்படிப்பட்ட கூடங்கள் கொஞ்சம்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பாட்டிலைக் கலந்தவள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் எந்த மேஜையிலும் உட்கார முடியாது.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று பார்ப்பது வேலை. ஒருவருடைய வருகைக் கார்டை இன்னொருவர் போட்டுவிடுவதைக் கண்டுபிடிப்பதும் அதில் அடக்கம். தாமதமாக வருகிறவனைவிட, தினமும் ஒரே நிமிடத்தில் வருகிறவன்மேல்தான் எங்களுக்குச் சந்தேகம் அதிகம். அந்தப் பழக்கத்தில் நான் அவளிடம் கேட்டுவிட்டேன். நிஜமாகவே நீ மாற்றி வைக்கவில்லையா?

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்களும் என்னைய அடுத்தவங் கார்டு போட வந்தவளாட்டம் பாக்கறீங்க."

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "கலியாணப் பத்திரிக்கைல எம்பேர ரெண்டு தடவ சரிபாத்தவரு கண்ணு இவரு. உன்னைய உடுவாரா?"

அதன்பிறகுதான் அவள் நாட்குறிப்பில் உள்ள கேள்வியைக் கேட்டாள். கூடத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் அவள் மனதில் இருந்தது. எல்லாக் கன்றும் தாய் மரத்தின் அச்சு என்றாலும், வெட்ட வெட்ட எப்போதாவது ஒன்று மாறிப் பிறக்கும். குட்டையாகப் போகும், இலை சுருங்கும், நிறம் வெளுக்கும். அதனால்தான் ஒரு குருத்தைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் வெட்டிப் பெருக்கக் கூடாது என்பார்கள். அந்தக் குட்டை மரங்கள் அப்படி வந்திருக்கலாம் அல்லவா?

வந்திருக்கலாம். ஆனால் "வந்திருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு யாரையும் விடுவிக்க முடியாது. குட்டைப் பச்சை வாழை என்று தனியாக ஒரு ரகமே இருக்கிறது. அதுவும் உயரமான ரகமும் நெருங்கிய உறவு. செல்லின் பிழையால் குட்டையான மரத்தையும், பிறப்பிலேயே குட்டை ரகமான மரத்தையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். எனக்கு விஞ்ஞானப் படிப்பு கிடையாது. ஆனால் எதையும் மூலத்தில் பார்க்காமல் நம்புவதில்லை. இரண்டு பாடப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். நான் புரிந்துகொண்டது இது.

ஒரு செல் இரண்டாகும் முன் தன்னிடம் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டை இழை. ஒவ்வொரு இழையிலும் நான்கே எழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஓர் இழையில் எந்த எழுத்து இருக்கிறதோ அதற்கு ஜோடியான எழுத்துதான் எதிர் இழையில் இருக்கும். பிரதி எடுக்கும்போது முறுக்கு அவிழ்ந்து இரண்டு இழையும் பிரிகின்றன. பிரிந்த ஒவ்வொன்றையும் பார்த்து அதற்கு ஜோடியான புது இழை எழுதப்படுகிறது. முடிவில் இரண்டு இரட்டை இழைகள். ஒவ்வொன்றிலும் பாதி பழையது, பாதி புதியது. அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம் என்று பிரியவில்லை. இது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அசலை அலமாரியில் வைத்துவிட்டு நகலை வெளியே கொடுப்பதுதான் ஆபீஸ் முறை. செல் அசலையே இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுகிறது.

எழுதும் நொதி ஒரே திசையில்தான் எழுதும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஆகவே ஒன்றின்மீது தடையில்லாமல் எழுதிக்கொண்டே போகிறது. மற்றதில் துண்டு துண்டாக எழுதிப் பிறகு இன்னொரு நொதி ஒட்டுகிறது. ஒட்டுப்போட்ட இழையில்தான் தப்பு நுழையும் என்று நான் உடனே முடிவு கட்டினேன். புத்தகங்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டிலும் காவல் இருக்கிறதாம். தவறான எழுத்து ஒன்று சேர்ந்துவிட்டால் எழுதும் நொதியே ஓர் அடி பின்னால் போய் அதை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப எழுதுகிறது. அதையும் தாண்டி நழுவியதைப் பின்னால் வரும் வேறொரு கூட்டம் தேடுகிறது. அதற்குப் பிறகும் தப்புவது பல கோடி எழுத்துக்கு ஒன்று. எத்தனை கோடி என்பதில் இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போகவில்லை. அதனால் எண்ணை இங்கே எழுதவில்லை.

பின்னால் வரும் கூட்டத்தைப் பற்றிய பகுதியை நான் மூன்று நாள் படித்தேன். ஜோடி பொருந்தாத இடம் ஒன்று கண்ணில் பட்டால் அதற்கு ஒரு கேள்வி எழுகிறது: இரண்டு இழையில் எது தப்பு? எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் எழுத்துகளே. செல் செய்வது என்னவென்றால், புதிய இழைமேல் பழியைப் போடுவது. புதியதை வெட்டிவிட்டுப் பழையதைப் பார்த்துத் திரும்ப எழுதுகிறது. பாக்டீரியா ஒன்றில் பழைய இழைக்கு ரசாயனக் குறி ஒன்று இருக்கும், புதிதாக எழுதியதற்கு அந்தக் குறி சற்றுத் தாமதமாகத்தான் ஏறும், அதை வைத்து அடையாளம் காண்கிறது என்று போட்டிருந்தது. தாவரத்தில் எப்படி என்று நான் பார்த்த புத்தகங்களில் தெளிவாக இல்லை.

அதைப் படித்தபோது, அந்தக் கூடத்தில் எல்லோரையும்விடப் புதிதாகச் சேர்ந்தவள் அவள்தானே என்று நினைத்தேன். ஆனால் செல் புதியதைச் சந்தேகப்படக் காரணம் உண்டு. பழையது முன்பே ஒரு தடவை சரிபார்க்கப்பட்டது. கூடத்தில் பழையவர்களை யார் சரிபார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. திருத்தப்படாத பிழை அடுத்த பிரதி எடுக்கும் வரை நின்றுவிட்டால், அதைப் பார்த்து எழுதும் நொதி அதற்குப் பொருத்தமான ஜோடியையே எழுதிவிடும். பிறகு அங்கே பிழை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. ஜோடி சரியாக இருக்கிறது. எந்தக் காவலும் அதன்பிறகு நிறுத்தாது. எனக்கு இது தெரிந்த விஷயம்தான். தப்பான பெயர் ஒரு ரிஜிஸ்டரில் ஏறி, அதைப் பார்த்து அடுத்த ரிஜிஸ்டர் எழுதினால், இரண்டும் ஒத்துப்போகிறது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாட்டிலில் வளரும் வாழை மாறிப் போவதற்கு எழுத்துப் பிழை ஒன்றே காரணம் அல்ல. சில சமயம் இழையின் பெரிய துண்டே இடம் மாறலாம், எழுத்து மாறாமலே சில பகுதிகள் செயலற்றுப் போகலாம் என்றும் அந்தப் புத்தகங்களில் ஒன்று எச்சரித்தது.

தேதிகள் அவளைக் காப்பாற்றும் என்று ஒரு நாள் நம்பினேன். கன்றுகள் பாட்டிலைவிட்டு வெளியே வந்து நிழல்குடிலில் பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஜூனில் நட்டார் என்றால் மார்ச் வாக்கில் பாட்டிலைவிட்டு வெளிவந்திருக்கும். அவள் சேர்ந்தது அதற்கு முந்தைய அக்டோபர் கடைசி. நடுவில் இருக்கும் மாதங்களில் அவள் அதே மேஜையில்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். தேதி அவளைக் காப்பாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது இன்னொன்று கேட்டேன். அந்தக் குருத்தை எத்தனை தடவை வெட்டினீர்கள்? அவள் என் மனைவியைப் பார்த்தாள். பொங்கலுக்குப் பிறகு ஆர்டர் நிறைய வந்தது என்றாள். வந்ததும்? நிறைய வெட்டினோம் என்றாள். குறிப்பிட்ட தடவைக்கு மேலேயா? அவள் எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். சம்பளம் கொடுக்கிறவரைக் காட்டிக்கொடுக்க விருப்பமில்லையா, அல்லது நிஜமாகவே தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

16ஆம் தேதி காலை அவளும் நானும் பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவளுடைய கன்னடம் சந்தைக் கன்னடம், பேச்சு முற்றினால் தடுமாறும், அதனால் கூடப் போங்கள் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். ரோட்டில் கரும்பு லாரிகள் வழிவிடாமல் நின்றதில் நாங்கள் போய்ச் சேரும்போது உரிமையாளர் முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்து, இவர் யார் என்று அவளிடம் கேட்டார். மாமா என்றாள். அவர் தலையாட்டினார். அதன்பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

குட்டை மரங்கள் அடுத்தடுத்து இரண்டு வரிசையில் மட்டும் இருந்தன. ஒரே நாற்றுத் தட்டில் வந்த கன்றுகளை ஒரே இடத்தில் நட்டிருக்கிறார். இதிலிருந்தும் ஒன்றும் நிச்சயமாகவில்லை. ஒரு பாட்டில் மாறிப் போயிருந்தாலும் இப்படித்தான் கூட்டமாக நிற்கும். ஒரு செல்லில் பிழை விழுந்து அதன் வாரிசுகளே ஒரு பாட்டிலை நிரப்பியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

விவசாயி அவளைப் பார்த்ததும் மறுபடியும் ஆரம்பித்தார். உரிமையாளரிடம் கையை நீட்டிச் சொன்னார்: "நகலி அந்தா அவளே ஹேளிதளு சார்."

போலி என்று அவளே சொன்னாள் என்று அர்த்தம். அதுவரை இந்தக் குற்றச்சாட்டை நான் தமிழில் மட்டும்தான் கேட்டிருந்தேன். கன்னடச் சொல்லை அப்போதுதான் என் காதால் கேட்டேன். அவளைத் திரும்பிப் பார்த்து, அன்றைக்கு நீ என்ன வார்த்தை சொன்னாய், அப்படியே சொல் என்றேன்.

"ஒரே மாதிரி இத்தனை கன்னு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டாருங்க. 'எல்லா ஒந்தே கிடத நகல் அண்ணா'ன்னு சொன்னனுங்க. ஒரே செடியோட நகல்னு."

தமிழில் நகல் என்றால் பிரதி. சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் நாம் எடுப்பது. கன்னடத்திலும் நகலு என்றால் பிரதிதான். ஆனால் பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினாலும் நகலுதான். கடைசி எழுத்து மட்டும் மாறி நகலி என்றாகிவிட்டால் அது போலி. நகலி விதை, நகலி உரம் என்று வருஷம் தவறாமல் பேப்பரில் படிக்கும் மனிதரிடம் போய், அவள் தமிழ் வழக்கில் நகல் என்று மெய்யெழுத்தில் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். அவர் தனக்குப் பழக்கமான எழுத்தை அதன் கடைசியில் சேர்த்துக்கொண்டுவிட்டார். அன்று அதை விளையாட்டென்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போனவர்தான். மரம் குட்டையானதும் நினைவுக்கு வந்திருக்கிறது.

நான் அதைக் கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். உரிமையாளர் லேசாகச் சிரித்தார். விவசாயி சிரிக்கவில்லை. நகலோ நகலியோ, மரம் குட்டைதானே என்றார். அவர் சொன்னது நியாயம். அவள் வாய் தப்பு செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது. கை தப்பு செய்யவில்லை என்பது இன்னும் தெரியவில்லை.

பிறகு அவர், இதையும் பாருங்கள் என்று எங்களை இரண்டாவது வரிசையின் கோடிக்கு அழைத்துப் போனார். ஏமாற்றியதற்கு இன்னொரு சாட்சி என்றுதான் காட்டினார். அங்கே ஒரு மரம், மற்றவற்றைப் போலக் குட்டையில்லை, நடுத்தர உயரம். அதன் இலை ஒன்றில் ஒரு பக்கம் கரும்பச்சை. மறுபக்கம் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை அகலப் பட்டையாக வெளுத்திருந்தது. கோடு போட்டு வண்ணம் அடித்ததுபோல எல்லை தெளிவாக இருந்தது. அதற்கு மேலிருந்த இளம் இலையிலும் அப்படி ஒரு பட்டை.

உரிமையாளர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "ரோக அல்லா இது," என்றார். நோய் இல்லை என்று.

அவள் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல் தமிழிலேயே சொன்னாள்:

"மாமா, முழுக் கன்ன மாத்தி வெச்சன்னு சொல்லலாமுங்க. பாதிக் கன்ன எப்பிடி மாத்தி வெக்கறது?"

நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. உரிமையாளருக்குத் தமிழ் புரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் இலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

அவள் சொன்னது சரி. ரகம் கலந்தால் முழு மரம்தான் கலக்கும். ஒரே மரத்தில் ஒரு பட்டை மட்டும் வேறாக இருக்க வேண்டுமென்றால், குருத்துக்குள் ஏதோ ஒரு செல் மாறி, அதிலிருந்து வந்த செல்கள் மட்டும் அந்தப் பட்டையை நிரப்பியிருக்க வேண்டும். அதை எந்தக் கையாலும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பட்டை மரம் தனக்கு மட்டுமே சாட்சி. பக்கத்தில் நின்ற குட்டை மரங்களுக்கு அது சாட்சி சொல்லவில்லை. அந்தத் தட்டில் இப்படியும் நடந்திருக்கிறது என்று மட்டும்தான் காட்டியது. நான் அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் ஏற்படவில்லை. உரிமையாளர் எனக்கு ஆச்சரியமளிக்கும் வேகத்தில் முடிவுக்கு வந்தார். இது இயற்கை, யார் கைத் தவறும் இல்லை, குட்டை மரங்களுக்குப் பதில் வேறு கன்று தருகிறேன், இவற்றின் பக்கக் கன்றுகளை எடுத்து வேறு எங்கும் நடாதீர்கள் என்று விவசாயியிடம் சொன்னார். அவளிடம், நாளைக் காலை மேஜைக்கு வந்துவிடு என்றார். இரண்டு வாரம் தேங்கி நின்ற விஷயம் வரப்பில் கால் மணி நேரத்தில் தீர்ந்தது. பிழை செல்லுடையது என்றால் அடுத்து வரவேண்டிய கேள்வி, குருத்தை எத்தனை தடவை வெட்டினீர்கள் என்பது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இயற்கை என்று முதலில் சொன்னவர்தான்.

விவசாயி இளநீர் வெட்டப் போனார். அவள் அவர் பின்னால் போனபோது நான் உரிமையாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். உங்களிடம் குட்டைப் பச்சை ரகம் எப்போதாவது பாட்டிலில் இருந்ததுண்டா? அவர் கன்னடத்தில் சொன்னார்: குட்டை ரகத்தை நாங்கள் தொட்டதே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சந்தோஷத்தில் இருந்தாள், விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குட்டை ரகத்த நாங்க தொட்டதே இல்லீங்க மாமா."

அவர் சொன்னபோது அவள் கேட்கும் தூரத்தில் இல்லை. அது எனக்கு நிச்சயம்.

அவள் அந்தக் கூடத்தில் மேலும் இரண்டு ஆண்டு வெட்டினாள். பிறகு தானாகவே விலகிப் பெங்களூரில் பெரிய கூடம் ஒன்றில் சேர்ந்தாள். பேர் கெடவில்லை. இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்வதற்கு அது உண்மையாக இருப்பதே போதுமான காரணம் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். டைம் ஆபீஸில் அதற்கு வேறு காரணங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

1997 மார்ச்சுக்கு முன் அந்தக் கூடத்தில் குட்டைப் பச்சை ரகத்தின் பாட்டில் ஒன்றாவது இருந்ததா என்பதை இன்றுவரை வேறு எவரிடமும் கேட்டு நான் உறுதி செய்துகொள்ளவில்லை. இல்லை என்று இருவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். சரிபார்க்கப்படவில்லை.